உக்ரைன் போர்முனைச் செய்திகளைப் பின்தொடர்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. ஓராண்டுக்குள் அது தேய்மானப் போராக மாறிவிட்டது. நாளுக்கு நாள் அதைக் கவனிக்க முயல்பவர்களுக்கு ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தந்து பதில்களைத் தொகுத்திருக்கிறோம். முதலில் அடிப்படை, போகப்போகச் சிக்கலானவை.

1. தினமும் மேப் பார்க்கிறேன். ஒரு மாசமா கோடு அப்படியே இருக்கே, சண்டை நின்னுபோச்சா?

நிற்கவில்லை. போர்முனையின் நீளம் 1,000 கி.மீ.க்கும் மேல். ஒரே நாளில் நூறுக்கும் மேற்பட்ட மோதல்கள் நடந்ததாக உக்ரைன் படைத் தலைமையகம் அறிவிப்பது வழக்கம். பெரும்பாலானவை ஒரு மரவரிசை, ஒரு தெரு, நாலைந்து பதுங்குகுழி என்ற அளவில் முடிந்துவிடும். போன் திரையில் அது கண்ணுக்கே தெரியாது. தன் குர்ஸ்க் பகுதியில் உக்ரைனிடமிருந்து மீட்டதையும் சேர்த்து 2024 முழுக்க ரஷ்யா பிடித்த நிலம் ஏறத்தாழ 4,000 சதுர கி.மீ. உக்ரைனின் பரப்பு 6,03,000 சதுர கி.மீ.க்கு மேல். ஓராண்டுச் சண்டையில் கைமாறியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

தேய்மானப் போரில் இரு தரப்பும் எதிராளியின் ஆளையும் தளவாடத்தையும், அவன் ஈடுசெய்யும் வேகத்தைவிட வேகமாக அழிக்கப் பார்க்கின்றன. நிலம் கைமாறுவது அதன் பின்விளைவு. போருக்கு முன் சுமார் 70,000 பேர் வாழ்ந்த பக்முத்தைப் பிடிக்க ரஷ்யாவுக்கு 2022 ஆகஸ்டிலிருந்து 2023 மே வரை ஆனது. அதே போரில் 2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் உக்ரைன் ஐந்தாறு நாளில் பலாக்லியாவில் தொடங்கி இசியும், குபியான்ஸ்க் வரை போய்விட்டது. அங்கே ரஷ்யாவின் முன்னரங்கில் போதிய ஆளில்லை. கோடு அசையாமல் இருப்பதால் அதன் பின்னே எல்லாம் உறுதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. எந்த மேப்பை நம்புறது? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி காட்டுதே.

மூன்று வரைபடங்கள் அதிகம் புழங்குகின்றன. டீப்ஸ்டேட் உக்ரைன்காரர்கள் நடத்துவது. களத்திலுள்ள படைப்பிரிவுகளுடன் அவர்களுக்குத் தொடர்பு உண்டு, அதனால் தெரு அளவு நுணுக்கம் இருக்கும். தங்கள் படைக்கு ஆபத்து வரும் என்றால் சில மாற்றங்களைத் தாமதித்தும் போடுவார்கள். ஐ.எஸ்.டபிள்யூ. எனப்படும் வாஷிங்டன் போர் ஆய்வு நிறுவனம் காணொளி ஆதாரத்தை எதிர்பார்க்கும், அதனால் சற்றுப் பின்தங்கி வரும். ஒரு தரப்பு சொல்வது மட்டும் என்றால் அதை வேறு நிறத்தில் 'உரிமை கோரல்' என்று தனியே காட்டும். ரிபார் ரஷ்யச் சார்புள்ள டெலிகிராம் சேனல். ரஷ்ய முன்னேற்றத்தைச் சீக்கிரம் காட்டிவிடும், பின்னடைவைத் தாமதமாகவே காட்டும்.

ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளுவதைவிட, இரண்டை அருகருகே வைப்பதே பயன் தரும். ஒரு ஊர் ரஷ்யாவின் கையில் என்று டீப்ஸ்டேட்டே ஒப்புக்கொண்டால் அது உறுதி. ஓர் இடத்தை இழந்ததாக ரிபாரே எழுதினால் அதுவும் உறுதி. தனக்குப் பாதகமான செய்தியை ஒரு தரப்பு தானே சொல்லும்போது அதற்குத் தனி மதிப்பு உண்டு. வரைபடத்தைத் திறந்ததும் முதலில் நிறக்குறிப்பையும் கடைசியாகப் புதுப்பித்த தேதியையும் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

3. சிவப்பு, நீலம் சரி. நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு பட்டை வருதே, அது யாரோடது?

சிவப்பு ரஷ்யா வசம், நீலம் உக்ரைன் வசம், சாம்பல் யாருடையதும் இல்லை. இரு தரப்பு ஆட்களும் அதற்குள் இருக்கலாம், ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம். 2022இல் பதுங்குகுழிகளின் தொடர்ச்சியை ஓரளவு கோடாக வரைய முடிந்தது. ட்ரோன் பெருகிய பிறகு பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினாலே அடி விழுகிறது. அதனால் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி விட்டு இருக்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் எதிராளி நுழைந்து அடித்தளத்து அறைகளில் பதுங்கிக்கொள்கிறான்.

2025 ஆகஸ்டில் பொக்ரோவ்ஸ்க்குக்கு வடகிழக்கே, தொப்ரொபில்யா பக்கம் இதுதான் நடந்தது. ரஷ்யக் காலாட்படையினர் சிறுசிறு குழுக்களாகப் பத்து கி.மீ.க்கும் மேல் உள்ளே போய்விட்டார்கள். வரைபடத்தில் அது நீண்ட கொம்பு போல எழுந்தது, 'முன்னரங்கு உடைந்தது' என்று தலைப்புகள் வந்தன. அவர்களுக்குப் பின்னால் வண்டியும் வழங்கலும் போகவில்லை. உக்ரைன் கூடுதல் படையை அனுப்பி அந்தக் கொம்பின் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. சாம்பல் பட்டை அகலமாகிறது என்றால் அங்கே தடுக்கும் தரப்புக்கு ஆள் குறைகிறது என்று கவனத்தில் கொள்ளலாம். நிலம் போய்விட்டது என்று உடனே எழுதிவிடக் கூடாது.

4. கொடி ஏத்துற வீடியோவே வந்துடுச்சு. அப்ப ஊர் விழுந்துடுச்சுதானே?

ஒரு ஆள் ஒரு நிமிடம் ஒரு கூரைக்குப் போய்வந்தான் என்பதற்குத்தான் அது சாட்சி. ட்ரோனில் கட்டிக் கொடியைத் தொங்கவிடும் காணொளிகளும் உண்டு. குபியான்ஸ்க்கைப் பிடித்துவிட்டதாக 2025 நவம்பர் 20 அன்று ரஷ்யத் தளபதி கெராசிமோவ் புதினிடம் தெரிவித்தார். டிசம்பர் 12 அன்று அதே நகரின் நுழைவாயில் பெயர்ப்பலகை முன்னால் நின்று ஜெலென்ஸ்கி காணொளி வெளியிட்டார்.

மூன்றைச் சரிபாருங்கள். கொடி ஏற்றிய கட்டடம் ஊரின் எந்த மூலையில் இருக்கிறது? நடுவிலா, முன்பே சாம்பலாக இருந்த ஓரத்திலா? அடுத்து, அந்த அறிவிப்புக்குப் பிறகும் அதே தரப்பின் ட்ரோன்கள் அதே ஊருக்குள் வீடுகளை அடிக்கும் காணொளி வருகிறதா? வந்தால் எதிராளி இன்னும் அங்கேயே இருக்கிறான். எந்தத் தரப்பும் மறைக்க மறந்துவிடுகிற தடயம் இது, எங்கள் அனுபவத்தில் இதைவிட நம்பகமானது இல்லை. மூன்றாவது, உள்ளே போன ஆட்களுக்குச் சாப்பாடும் குண்டும் எப்படிப் போகிறது? ட்ரோனில் பொட்டலம் போட்டுத்தான் போகிறது என்றால் ஊர் இன்னும் கைக்கு வரவில்லை.

5. ஜியோலொகேட் பண்ணிட்டோம்னு சொல்றாங்களே, அதை நாமளே செஞ்சு பார்க்க முடியுமா?

முடியும். ஒரு காணொளி எங்கே எடுத்தது என்று செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பதுதான் அது. காணொளியை நிறுத்தி நிறுத்தி, இடம்பெயராத பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேவாலயக் குவிமாடம், புகைபோக்கி, ரயில் பாதையின் வளைவு, சாலைச் சந்திப்பின் கோணம், உயர் மின்கோபுரங்களின் வரிசை. கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் நிலக்கரிப் பூமி, அதனால் சுரங்கக் கழிவைக் குவித்த செயற்கைக் குன்றுகள் அடிவானத்தில் அடிக்கடி தெரியும். இரண்டு குன்றுகள் ஒன்றாகத் தெரிந்தால் எந்தத் திசையிலிருந்து பார்க்கிறோம் என்பது கிட்டத்தட்ட கிடைத்துவிடும். வெறும் வயல்வெளி என்றால் மரவரிசைகளைப் பிடியுங்கள். காற்று மண்ணை அரிக்காமல் இருக்க சோவியத் காலத்தில் வயல் ஓரங்களில் நேர்கோட்டில் நட்டவை அவை. வரிசையில் எங்கே மரம் விடுபட்டிருக்கிறது, எங்கே வண்டித்தடம் குறுக்கே போகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

பிறகு கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திறங்கள். 2022க்கு முந்தைய படம் அவசியம். இன்றைய காணொளியில் இடிபாடாகத் தெரிவது அதில்தான் முழு வீடாக இருக்கும். குறைந்தது மூன்று அடையாளங்கள், ஒன்றுக்கொன்று சரியான திசையிலும் தூரத்திலும் பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் போதும் என்று விட்டுவிட்டால் தப்பாகும். ஐந்து மாடி சோவியத் அடுக்குமாடிகள் ஊருக்கு ஊர் அச்சு அசலாக ஒன்றே.

வழக்கமாக ஏமாற்றுபவை இரண்டு. ஓட்டுபவர் அதன் கேமரா வழியே பார்த்துச் செலுத்தும் எஃப்.பி.வி. ட்ரோனின் கேமரா அகலக் கோணம் கொண்டது. நேர்ச்சாலையை வளைக்கும், தூரத்தை அதிகமாகக் காட்டும். சிலர் வேண்டுமென்றே படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதும் உண்டு. எதுவுமே பொருந்தவில்லை என்றால் ஒருமுறை கண்ணாடிபோலத் திருப்பிப் பாருங்கள்.

6. இடம் உறுதி ஆயிடுச்சு. ஆனா எப்ப எடுத்ததுன்னு எப்படித் தெரியும்?

இதுதான் அதிகம் பேர் வழுக்கும் இடம். டெலிகிராமில் ஏறிய தேதி, அதற்குப் பின் எடுத்ததில்லை என்பதை மட்டும் சொல்கிறது. படைப்பிரிவுகள் காணொளியைச் சில நாள், சில வாரம்கூட வைத்திருந்து வெளியிடுகின்றன. காணொளியின் ஒரு சட்டகத்தை (ஃப்ரேம்) எடுத்துப் படத்தேடலில் போட்டு முன்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பருவம்: ஏப்ரல் கடைசியில்தான் மரவரிசைகள் பச்சை பிடிக்கும், சூரியகாந்தி ஜூலையில் பூக்கும், நவம்பரில் இலை இருக்காது. நிழலின் திசையும் நீளமும் நேரத்தைச் சொல்லும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, இலவசமாக, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் கிடைக்கும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். டாங்கி ஏழு மீட்டர்தான், அதைத் தேட வேண்டாம். ஆனால் எரிந்த வயல், உடைந்த பாலம், டாங்கித் தடுப்பு அகழி எல்லாம் தெரியும். காணொளியில் கருகிக் கிடக்கும் வயல் 12ஆம் தேதிப் படத்தில் பச்சையாகவும் 17ஆம் தேதிப் படத்தில் கறுப்பாகவும் இருந்தால், காணொளி 12க்குப் பிந்தியது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடும். அப்போது இந்த வழி அடைபட்டுவிடும்.

7. நாசாவோட தீப்புள்ளி மேப்பை வெச்சு எங்க சண்டை நடக்குதுன்னு சொல்லலாமா?

ஓரளவுக்கு. ஃபர்ம்ஸ் எனப்படும் அந்த வரைபடம் தரையின் வெப்பத்தைக் காட்டுகிறது. அதில் விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், மோடிஸ் கருவியுடையது 1 கி.மீ. அந்தச் சதுரத்துக்குள் எங்கோ தீ என்பதுதான் பொருள். செயற்கைக்கோள் கடந்துபோகும் நேரத்தில் எரிந்தால்தான் பதிவாகும். மேகம் இருந்தால் பதிவாகாது.

ஜூலை, ஆகஸ்டில் அறுவடைக்குப் பிந்தைய பயிர்த்தாள் எரிவது முன்னரங்கெங்கும் சண்டை போலவே தெரியும். ஆலைகளின் வெப்பம் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். ஆகவே ஒரு நாள் படத்தைப் பார்க்காதீர்கள். பத்து நாளை வரிசையாக ஓட்டிப் பார்த்து, புள்ளிக் கூட்டம் ஒரு திசையில் நகர்கிறதா என்று கவனியுங்கள்.

8. ஒரே ஊரை ரெண்டு தரப்பும் ரெண்டு பேர் சொல்லிச் சொல்றாங்க. நேரமும் ஒத்துவரலையே?

2016இல் உக்ரைன் பல ஊர்களின் சோவியத் காலப் பெயரை மாற்றியது. ரஷ்யத் தரப்பு பழைய பெயரையே எழுதுகிறது. பக்முத் அவர்களுக்கு அர்த்தியோமோவ்ஸ்க், பொக்ரோவ்ஸ்க் கிராஸ்னோஅர்மெய்ஸ்க், தொரெத்ஸ்க் ஸெர்ஜின்ஸ்க். தேடும்போது இரண்டையும் போடுங்கள்.

மாஸ்கோ நம்மைவிட எப்போதும் இரண்டரை மணி நேரம் பின்னால். கீவ் கோடையில் இரண்டரை, குளிரில் மூன்றரை. ஐ.எஸ்.டபிள்யூ. அறிக்கை அமெரிக்க மாலையில் வருவதால் நமக்கு மறுநாள் காலை. அதில் 'இன்று' என்றிருப்பது நமக்கு நேற்று.

9. இவ்ளோ சின்ன ஊருக்கு ஏன் மாசக்கணக்கா அடிச்சுக்கிறாங்க?

ஊரைப் பார்க்காமல் அதன் வழியே போகும் பாதையைப் பாருங்கள். பொக்ரோவ்ஸ்க் சாலையும் ரயிலும் கூடும் இடம், அதன் அருகே எஃகு ஆலைகளுக்கு வேண்டிய நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. வுஹ்லெதார் மேட்டில் நின்ற அடுக்குமாடிகள், சுற்றிலும் வெட்டவெளி. அங்கிருந்து வெகு தூரம் பார்க்கலாம் என்பதால்தான் 2024 அக்டோபர் வரை அதற்காகச் சண்டை நடந்தது. கோஸ்தியாந்தினிவ்காவிலிருந்து துருஷ்கிவ்கா, கிராமடோர்ஸ்க், ஸ்லாவியான்ஸ்க் வரை ஒரே நெடுஞ்சாலையில் கோர்த்த நகரங்கள், தொனெத்ஸ்க் மாகாணத்தில் உக்ரைனின் முக்கியக் காப்பு வரிசை.

ஒரு நகரின் நிலையை அறிய, கடைசி வழங்கல் பாதை எதிராளியின் ட்ரோனுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். எஃப்.பி.வி. ட்ரோன்கள் முன்னரங்கிலிருந்து 15 முதல் 20 கி.மீ. வரை சாலையில் ஓடும் வண்டியைத் துரத்துகின்றன. கண்ணாடியிழைக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறப்பவற்றை அலைக்குறுக்கீட்டால் நிறுத்தவே முடியாது. சாலைக்கு மேல் வலை கட்டும் படங்கள் வரத் தொடங்கினால் அந்தப் பாதை ட்ரோனுக்கு எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்கடுத்த கட்டத்தில் காயம்பட்டவர்களைச் சக்கர ரோபோவில் இழுத்து வருகிறார்கள், ஆள் மாற்றம் இரவில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. நடையாகிறது. வரைபடத்தில் நகரம் இன்னும் நீலம்தான், ஆனால் அதைக் காக்க முடியாத நிலை வந்துவிட்டது.

10. 'சுத்தி வளைச்சாச்சு'ன்னு வாரத்துக்கு ஒருமுறை செய்தி வருது. எதை நம்புறது?

முழுச் சுற்றிவளைப்பு என்றால் எல்லாத் திசையிலும் எதிராளியின் ஆள் நிற்க வேண்டும். இந்தப் போரில் அது அபூர்வம். 2022 வசந்தத்தில் மரியுபோல் அப்படி வளைக்கப்பட்டது. மற்றபடி 'வளைத்தாச்சு' என்பது பெரும்பாலும் கடைசிப் பாதையின் மேல் ட்ரோனும் எறிகணையும் விழுகின்றன என்பதுதான். 9ஆம் கேள்வியில் சொன்ன நிலை அது. அவ்தீவ்காவில் பாதை முழுக்க அறுபடும் முன் 2024 பிப்ரவரி 17 அன்று உக்ரைன் தளபதி சிர்ஸ்கி பின்வாங்கல் உத்தரவை அறிவித்தார். பெரும்பாலோர் வெளியே வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. காயம்பட்டு எழுந்து நடக்க முடியாதவர்கள் விடுபட்டார்கள் என்பதை அந்தச் செய்தியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

11. வானிலையால அவ்ளோ வித்தியாசம் வருமா?

வரும். மார்ச் ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் கரிசல் மண் குழம்பாகி வண்டிகள் தார்ச்சாலையை விட்டு இறங்க முடியாது. கோடையில் மரவரிசைகளின் இலை ஆட்களை மறைக்கும், இலையுதிர்ந்ததும் அந்த மறைப்பு போய்விடும். மூடுபனி ட்ரோனைக் குருடாக்கும். 2025 நவம்பரில் பொக்ரோவ்ஸ்க்குக்குள் ரஷ்யப் படையினர் மூடுபனியில் மோட்டார் சைக்கிளிலும் கூரை பிய்ந்த கார்களிலும் நுழைந்த காணொளிகள் வந்தன. அந்த வட்டாரத்தின் ஏழுநாள் வானிலை முன்னறிவிப்பை வரைபடத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

12. செத்தவங்க எண்ணிக்கையை ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது உண்மை?

முதலில் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். உக்ரைன் தினமும் வெளியிடும் ரஷ்ய 'இழப்பு' எண்ணில் இறந்தவர்களோடு காயமடைந்தவர்களும் அடக்கம். அதை 'இத்தனை பேர் சாவு' என்று மொழிபெயர்த்துப் போடும் செய்திகள் எல்லாமே தவறு. ரஷ்யா தன் பக்கத்துச் சாவை 2022 செப்டம்பரில் 5,937 என்று சொன்னதோடு அதிகாரபூர்வ மொத்தக் கணக்கை நிறுத்திக்கொண்டது. ஜெலென்ஸ்கி உக்ரைன் வீரர்களில் 31,000 பேர் இறந்ததாக 2024 பிப்ரவரியிலும், 43,000 என்று அதே ஆண்டு டிசம்பரிலும் சொன்னார். காணாமற்போனவர்கள் அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சுயாதீன ரஷ்யச் செய்தித் தளமான மீடியாசோனாவும் பிபிசி ரஷ்யச் சேவையும் தன்னார்வலர்களோடு சேர்ந்து, இரங்கல் அறிவிப்பு, கல்லறைப் படம், உள்ளூர்ச் செய்தி என்று பார்த்துப் பெயர் பெயராகச் சேர்க்கும் ரஷ்யப் பட்டியல் 2025இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதற்குக் குறையாது என்று சொல்ல உதவும் எண் அது. உண்மை எண் அதைவிட மேலே. எந்த எண்ணை எடுத்தாலும் யார் சொன்னது, எந்தத் தேதி வரை, காயம் சேர்ந்ததா என்ற மூன்றையும் கூடவே எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு வீட்டின் பிள்ளை. அதைக் கூட்டியோ குறைத்தோ எழுத நமக்கு உரிமை இல்லை.

13. இப்பல்லாம் டாங்கி இழப்பு குறைஞ்சிருக்கே. ரஷ்யா நல்லா சண்டை போடுதுன்னு அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஓரிக்ஸ் தளம் அழிந்த, சேதமான, கைவிட்ட, பிடிபட்ட ஒவ்வொரு வண்டிக்கும் படம் வைத்து எண்ணுகிறது. ரஷ்ய டாங்கிகளின் எண்ணிக்கை அதில் 2024இலேயே 3,000ஐத் தாண்டிவிட்டது. படம் எடுக்கப்படாதது எண்ணில் வராது, ஆகவே 12இல் சொன்ன பெயர்ப்பட்டியல் போல இதுவும் கீழ்வரம்புதான்.

பின்னர் இழப்பு வேகம் குறைந்ததற்கு முக்கியக் காரணம், டாங்கியை முன்னே அனுப்புவதே குறைந்ததுதான். அதன் இடத்தில் நடையும் மோட்டார் சைக்கிளும் வந்தன. வண்டிக் கணக்கில் மிச்சமானது ஆள் கணக்கில் ஏறியது. எந்த இழப்பு எண்ணையும் களத்தில் எத்தனை இறக்கினார்கள் என்பதோடு வைத்தே படிக்க வேண்டும்.

14. மாசத்துக்கு இத்தனை சதுர கிலோமீட்டர்னா மிச்சம் பிடிக்க இத்தனை வருஷம். இந்தக் கணக்கு சரிதானே?

வகுத்தல் சரி, முடிவு தவறு. தேய்மானம் நேர்கோட்டில் போவதில்லை. 1918 நவம்பரில் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது ஜெர்மன் படை பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில்தான் நின்றது. வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்குத் தோல்வி தெரிந்திருக்காது. 1ஆம் கேள்வியில் சொன்ன கார்கிவும் அதே வகை. எதிர்த்திசையிலும் இது பொருந்தும்: வேகமாகப் போகும் தாக்குதல், ஆள் தீர்ந்து ஒரே வாரத்தில் நின்றுவிடலாம்.

அதனால் ஈடுசெய்யும் திறனைக் கவனியுங்கள். ரஷ்யாவில் ஒப்பந்தம் போட்டுச் சேருபவருக்கு மத்திய அரசு ஒருமுறை தரும் தொகையை 2024 ஜூலை இறுதியில் 1,95,000 ரூபிளிலிருந்து 4,00,000 ஆக உயர்த்தினார்கள். அதற்குமேல் மாகாணங்கள் தருவதும் ஏறி இறங்கும். அது ஏறுகிறது என்றால் ஆள் கிடைப்பது கடினமாகிறது. உக்ரைன் கட்டாயப் படைச்சேர்ப்பின் வயதை 2024 ஏப்ரலில் 27இலிருந்து 25க்குக் குறைத்தது. வட கொரியாவின் எறிகணைகளும், 2024 இறுதியில் குர்ஸ்க்குக்கு வந்த அதன் வீரர்களும், ரஷ்யாவின் கையிருப்பு எங்கே குறைந்தது என்று காட்டின. இவை வாரக்கணக்கில் நகரும் செய்திகள், அதனால் தினச்செய்தியில் தொலைந்துவிடுகின்றன.

15. வேலைக்கும் போகணும். ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பார்த்தா போதும்?

காலையில் இருபது நிமிடம். இரண்டு வரைபடங்களில் ஒரே இரண்டு பகுதியை மட்டும் பாருங்கள். 1,000 கி.மீ.யையும் பார்க்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு நோட்டில் நான்கு பத்தி: தேதி, இடம், யார் சொன்னது, ஆதார வகை. ஆதார வகைக்கு 'சொன்னது', 'காணொளி, இடம் தெரியாது', 'இடம் உறுதி', 'எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டது' என்ற நான்கே சொல் போதும். 48 மணி நேரம் ஆகாமல் எதையும் முதல் வகையிலிருந்து உயர்த்தாதீர்கள். ஞாயிறன்று ஏழு நாளுக்கு முந்தைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இரவு படுக்கும்முன் டெலிகிராமைத் திறக்க வேண்டாம், அதில் தணிக்கை மிகக் குறைவு.

16. கிடைச்ச வீடியோவையெல்லாம் குரூப்ல போடலாமா?

எல்லாவற்றையும் கூடாது. வான்பாதுகாப்பு ஏவுகணை கிளம்பும் இடம், படையினர் தங்கிய கட்டடம், ஏவுகணை சற்றுமுன் விழுந்த இடம் ஆகியவை தெரியும் புதுக் காணொளிகள் அடுத்த அடிக்குத் துல்லியம் தரும். தன் படைகள் இருக்கும் இடத்தை வெளியிடுவதை உக்ரைன் 2022 மார்ச்சிலேயே குற்றமாக்கியது. நீங்கள் தூர தேசத்தில் இருப்பதால் அந்தப் படம் அங்கே போய்ச் சேராது என்று நினைக்க வேண்டாம்.

போர்க்கைதிகளின் முகம் தெரியும் காணொளிகள் தனிச் சங்கதி. மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, கைதிகளை வன்முறை, மிரட்டல் ஆகியவற்றிலிருந்து மட்டுமல்லாமல், அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்கச் சொல்கிறது. கைதி சொல்வது துப்பாக்கி முன்னால் சொல்வது. ஆதாரமாக அதற்கு மதிப்பும் இல்லை. இறந்தவர் முகம் தெரிந்தால் பகிராதீர்கள். இடத்தை உறுதிசெய்ய அந்தக் காணொளி அவசியம் என்றால், கட்டடமும் மரவரிசையும் தெரியும் சட்டகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் போதும்.